மினி-ஐடிஎக்ஸ் ஹாக்கின்டாஷ்: ஸ்லீப்பில் நிற்பதில்லை, எக்ஸ்போர்ட் நடுவே அணைந்துவிடுகிறது

தக்கலை_வீடியோ:

அனைவருக்கும் வணக்கம். தக்கலையில் திருமண வீடியோ எடிட்டிங் செய்துவருகிறேன். ஃபைனல் கட் புரோவில் பழகிய கை என்பதாலும், புதிய மேக் வாங்கும் வசதி அப்போது இல்லாததாலும், வீட்டிலேயே ஒரு சிறிய கணினியைக் கட்டி, ஓப்பன்கோர் (ஆப்பிள் அல்லாத கணினியில் மேக்ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) வழியாக மேக்ஓஎஸ் வென்ச்சுராவை நிறுவி வேலை பார்த்துவருகிறேன்; இப்படிக் கட்டிய கணினியைத்தான் ஹாக்கின்டாஷ் என்பார்கள். பி360 சிப்செட் கொண்ட மினி-ஐடிஎக்ஸ் மதர்போர்டு, கோர் ஐ5-8400 பிராசசர், 16 ஜிபி ரேம், 500 ஜிபி என்விஎம்இ டிரைவ், வைஃபைக்கும் புளூடூத்துக்கும் ஒரு பிராட்காம் கார்டு ஆகியவை உள்ளன. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை; பிராசசரோடு வரும் யுஎச்டி 630-தான். எஸ்எம்பயாஸில், அதாவது இது எந்த மேக் மாடல் என்று மேக்ஓஎஸ்ஸுக்குச் சொல்லும் இடத்தில், ஐமேக்19,1 என்று கொடுத்திருக்கிறேன். பெட்டி இரண்டு செங்கலை அடுக்கிவைத்த அளவே இருப்பதால் வழக்கமான எஸ்எம்பிஎஸ் அதில் அடங்காது. எனவே வெளியே 12 வோல்ட், 10 ஆம்பியர் அடாப்டர் ஒன்றும், உள்ளே மதர்போர்டின் 24-பின் இணைப்பிலேயே செருகிக்கொள்ளும் பைகோ வகைச் சிறு பலகை ஒன்றும் மின்சாரம் தருகின்றன.

சிக்கல் மூன்று விதமாக வருகிறது. ஸ்லீப் கொடுத்தால் திரை அணைந்து, சில நொடிகளில் மின்விசிறி மறுபடி சுற்றத் தொடங்கிவிடுகிறது. அப்படி எழுந்த பிறகு ரீஸ்டார்ட் செய்தால், சில வேளைகளில் பயாஸ் அமைப்புகள் அழிந்துவிட்டன, எஃப்1 அழுத்துக என்ற செய்தி வந்து நிற்கிறது. அதன்பின் பயாஸில் எல்லாவற்றையும் பழையபடி மாற்றினால்தான் மேக்ஓஎஸ் பூட் ஆகிறது. மூன்றாவதுதான் என்னை மிகவும் வதைக்கிறது. நீளமான வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கணினி சட்டென்று அணைந்துவிடுகிறது. எங்கள் பகுதியில் மாலை வேளையில் வோல்டேஜ் குறைவது உண்டு என்பதால் அதைத்தான் முதலில் சந்தேகித்தேன். ஆனால் யுபிஎஸ் வழியாக ஓட்டும்போதும், நண்பகலிலும் இதே கதைதான்.

மேக்ஓஎஸ்ஸை அழித்துவிட்டு மீண்டும் நிறுவச் சொல்கிறார்கள் சிலர். நேராக மேக்ஓஎஸ்ஸின் பிந்தைய பதிப்பான சீக்கோயாவுக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் வேறு சிலர். ஈஸ்டர் கழிந்துவிட்டால் கல்யாணங்கள் வரிசையாக வந்துவிடும், பிறகு இதில் கை வைக்க நேரம் கிடைக்காது. எங்கிருந்து தொடங்குவது என்று விவரம் தெரிந்த அண்ணன்மார் யாராவது சொல்லித்தந்தால் உதவியாக இருக்கும்.

வடசேரி_ஓப்பன்கோர்:

வணக்கம். மீண்டும் நிறுவ வேண்டாம், சீக்கோயாவும் இப்போது வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்றும் ஒரே நோயின் மூன்று அறிகுறிகளாகத் தோன்றினாலும், எனக்குத் தெரிந்தவரை அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று தனித்தனிக் கோளாறுகள். மேம்படுத்தினால் நான்காவது ஒன்றும் சேர்ந்துகொள்ளும். ஏனென்றால் 2023-இல் வந்த சோனோமா பதிப்பிலேயே பழைய பிராட்காம் வைஃபை கார்டுகளுக்கான டிரைவரை ஆப்பிள் எடுத்துவிட்டது. ஓப்பன்கோர் லெகசி பேட்சர் என்ற கருவியைக் கொண்டு அதை மீண்டும் சேர்க்க முடியும் என்றாலும், அதற்காகக் கணினியின் பாதுகாப்பு அமைப்புகள் சிலவற்றைத் தளர்த்த வேண்டியிருக்கும். அமைதியாக ஓடும் கணினியில் செய்ய வேண்டிய வேலை அது.

முதலில் ஸ்லீப். கணினியை எழுப்பியது யார் என்பதை மேக்ஓஎஸ்ஸே எழுதி வைத்திருக்கும். டெர்மினலில் பிஎம்செட் கட்டளையின் பதிவைத் திறந்து, 'வேக் ரீசன்' என்று வரும் வரிகளைத் தேடுங்கள். அங்கே எக்ஸ்எச்சி என்று இருந்தால் எழுப்புவது யுஎஸ்பி கன்ட்ரோலர். ஜிலேன் அல்லது ஜிஐஜிஇ என்று இருந்தால் நெட்வொர்க் போர்ட். உங்களிடம் பிராட்காம் கார்டு இருப்பதால் முதலாவதாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்தக் கார்டின் வைஃபை பகுதி பிசிஐஇ வழியாகப் பேசினாலும், புளூடூத் பகுதி மதர்போர்டுக்குள்ளேயே ஒரு யுஎஸ்பி போர்ட்டில்தான் அமர்ந்திருக்கிறது. அந்தப் போர்ட் உள்ளிணைப்பு வகை என்று அறிவிக்கப்படாவிட்டால், யாரோ வெளியிலிருந்து செருகி எடுக்கும் சாதனம் என்று மேக்ஓஎஸ் அதைக் கருதிக்கொள்ளும். ஸ்லீப்புக்குள் போகும்போதே அது தடம்புரளும்.

ஆகவே யுஎஸ்பி மேப் ஒன்றை (எந்தெந்த போர்ட் இயங்க வேண்டும், எது எந்த வகை என்ற பட்டியல்) ஒழுங்காக உருவாக்குங்கள். ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட் என்பதுதான் மேக்ஓஎஸ்ஸின் வரம்பு. இதில் பலரும் கோட்டைவிடும் இடம், நீல நிற யுஎஸ்பி 3 துளை ஒவ்வொன்றும் இரண்டாகக் கணக்கிடப்படும் என்பது. யுஎஸ்பி 2 வேகத்துக்கு ஒன்று, யுஎஸ்பி 3 வேகத்துக்கு ஒன்று. போதாததற்கு, மதர்போர்டின் ஏசிபிஐ அட்டவணை (வன்பொருளைப் பற்றி இயக்க முறைமைக்குச் சொல்லும் பட்டியல்) பெட்டியில் இல்லவே இல்லாத துளைகளையும் சேர்த்து அறிவிப்பது வழக்கம். வரம்பை நீக்குவதற்கென்று ஓப்பன்கோரில் இருந்த அமைப்பு மேக்ஓஎஸ் 11.3 பதிப்பிலிருந்து வேலை செய்வதில்லை என்பதால் குறுக்குவழி கிடையாது. விண்டோஸில் யுஎஸ்பிடூல்பாக்ஸை ஓடவிட்டு, ஒவ்வொரு துளையிலும் ஒரு யுஎஸ்பி 2 பென் டிரைவையும் ஒரு யுஎஸ்பி 3 பென் டிரைவையும் மாறிமாறிச் செருகி, தேவையானவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, புளூடூத் இருக்கும் போர்ட்டுக்கு 255 என்ற வகை எண்ணைக் கொடுங்கள். பலருடைய கணினியில் இதோடு ஸ்லீப் சரியாகிவிடும். சரியாகாவிட்டால் மட்டும், தூங்கியதும் எழுந்துவிடுவதைத் தடுக்கும் ஜிபிஆர்டபிள்யூ பேட்சைச் சேருங்கள். முன்கூட்டியே சேர்க்க வேண்டாம்.

அடுத்து பயாஸ் அழிவது. பி360 போன்ற 300 வரிசை போர்டுகளில் இதைப் பலமுறை கண்டிருக்கிறேன். மேக்ஓஎஸ்ஸின் ஆப்பிள்ஆர்டிசி டிரைவர், கடிகாரச் சிப்பின் நினைவகத்தில் 58, 59 ஆகிய முகவரிகளில் (இவை பதினாறடிமான எண்கள்) ஒரு சரிபார்ப்புத் தொகையை எழுதுகிறது. பயாஸ் அதே இடத்தைத் தனக்கென்று வைத்திருந்தால், அடுத்த முறை இயங்கும்போது கணக்கு உதைக்கிறதே என்று எல்லாவற்றையும் தொடக்க நிலைக்குத் தள்ளிவிடும். ஓப்பன்கோரின் கான்ஃபிக் கோப்பில் கெர்னல் பிரிவின் குவிர்க்ஸ் பகுதியில் 'டிசேபிள்ஆர்டிசிசெக்சம்' என்பதை இயக்கினால் இது நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஆர்டிசிமெமரிஃபிக்ஸப் என்ற கெக்ஸ்ட் (மேக்ஓஎஸ்ஸின் டிரைவர் போன்ற கூடுதல் கோப்பு) மூலம் எந்த முகவரி மோதுகிறது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பொறுமை வேண்டிய வேலை அது.

ஆனால் அதற்கு முன் ஒரு சிறு சோதனை. அடுத்த முறை பயாஸ் அழிந்த செய்தி வரும்போது, மேக்ஓஎஸ்ஸுக்குள் போகாமல் பயாஸ் திரையிலேயே தேதியையும் நேரத்தையும் பாருங்கள். நேரம் சரியாக இருந்து அமைப்புகள் மட்டும் போயிருந்தால் நான் மேலே சொன்ன காரணம். நேரமும் பின்னோக்கிப் போயிருந்தால் கான்ஃபிக் கோப்பைத் தொடவே வேண்டாம். மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். மேக்ஓஎஸ்ஸுக்குள் போய்ப் பார்த்தால் இது தெரியாது, ஏனென்றால் அது இணையத்திலிருந்து நேரத்தை எடுத்துத் திருத்தி வைத்துவிடும்.

மூன்றாவதைப் பொறுத்தவரை, நூலகக் கோப்புறைக்குள் லாக்ஸ், அதற்குள் டயக்னாஸ்டிக் ரிப்போர்ட்ஸ் என்று இருப்பதைத் திறந்து, கணினி அணைந்த நேரத்தில் பேனிக் கோப்பு (இயக்க முறைமையே முறிந்து நின்றுபோகும் கெர்னல் பேனிக்கின் பதிவு) ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். கெர்னல் பேனிக் என்றால் கணினி பெரும்பாலும் ரீஸ்டார்ட் ஆகும், ஒரு கோப்பையும் விட்டுச்செல்லும். கோப்பும் இல்லை, ரீஸ்டார்ட்டும் இல்லை, விளக்கை அணைத்ததுபோல் போய்விட்டது என்றால் மேக்ஓஎஸ்ஸைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை. உபுண்டுவைப் பென் டிரைவிலிருந்து பூட் செய்து, ஸ்ட்ரெஸ்-என்ஜி மூலம் ஆறு கோர்களுக்கும் முழுச் சுமை கொடுத்துப் பாருங்கள். அங்கேயும் அணைந்தால் சந்தேகம் தீர்ந்தது.

மார்த்தாண்டம்_பட்டறை:

தம்பி, மேலே வடசேரிக்காரர் சொன்ன மென்பொருள் விவரங்களில் நான் நுழையவில்லை, அவை என் துறை அல்ல. மூன்றாவது சிக்கலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மின்வழங்கல் வேலை பார்த்து வருபவன் என்ற முறையில் அது எனக்குப் பழக்கமானது.

வீட்டு வோல்டேஜை மறந்துவிடுங்கள். அடாப்டரின் அடியில் 100–240 என்று அச்சிட்டிருந்தால், மாலையில் 190-க்கு இறங்கினாலும் அதன் வெளியீடு மாறாது. பார்க்க வேண்டியது 12 வோல்ட் பக்கம். நீங்கள் பயன்படுத்தும் பைகோ வகைப் பலகைகளில் 12 வோல்ட் மட்டுமே உள்ளீடாக ஏற்பவை, அந்த 12 வோல்ட்டை எந்தச் சீரமைப்பும் செய்யாமல் அப்படியே மதர்போர்டுக்கு அனுப்பிவிடுகின்றன; 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும்தான் அந்தப் பலகையில் தயாராகின்றன. ஆகவே அடாப்டரிலோ வயரிலோ முனையிலோ எங்கே வோல்டேஜ் இறங்கினாலும் அது நேராகப் பிராசசர் வரை போய்ச் சேரும். ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் வரியில் ஐந்து விழுக்காடு வரைதான் ஏற்ற இறக்கம் இருக்கலாம், அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது.

ஐ5-8400-க்கு 65 வாட் என்று எழுதியிருப்பதை வைத்து 120 வாட் அடாப்டர் தாராளம் என்று நினைத்திருப்பீர்கள். அந்த 65 என்பது 2.8 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகத்திற்கான கணக்கு. எக்ஸ்போர்ட் நடக்கும்போது ஆறு கோர்களும் அதைவிட வேகமாக ஓடும், கிராஃபிக்ஸ் பகுதியும் உடன் உழைக்கும். அப்படியும் 120 வாட்டைத் தாண்டாது என்பது உண்மைதான். ஆகவே அடாப்டர் உண்மையிலேயே தன் மேல் எழுதியிருப்பதைத் தருகிறதா, தந்தாலும் அது முழுமையாக உள்ளே போய்ச் சேருகிறதா என்ற இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும்.

மல்டிமீட்டர் ஒன்று போதும். பெட்டியைத் திறந்து, பயன்படாமல் தொங்கும் சாட்டா பவர் இணைப்பில் மஞ்சள் கம்பிக்கும் கருப்புக் கம்பிக்கும் இடையே முதலில் சும்மா இருக்கும்போது ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்; பிறகு எக்ஸ்போர்ட்டைத் தொடங்கிவிட்டு அதே இடத்தில் எண் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். அடாப்டரின் வயர் முனைக்கு அருகிலும் அதே நேரத்தில் அளக்க முடிந்தால் நல்லது. இரண்டு இடத்திலும் ஒன்றாக இறங்கினால் அடாப்டர் சரியில்லை. அடாப்டர் பக்கம் 12 நின்று, உள்ளே மட்டும் இறங்கினால், இடையில் இருக்கும் முனைதான் திருடன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஆய்வுக் கம்பிகள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் கவனமாகப் பிடியுங்கள். 12 வோல்ட் உங்களை ஒன்றும் செய்யாது, ஆனால் 10 ஆம்பியர் ஷார்ட் ஆனால் பலகையைக் கருக்கிவிடும்.

முனையைப் பற்றி இன்னும் ஒன்று. வெளியே பார்க்க 5.5 மில்லிமீட்டர் உருளை என்று ஒரேபோல் இருந்தாலும், நடுவில் இருக்கும் ஊசி 2.1 மில்லிமீட்டராகவும் இருக்கும், 2.5 ஆகவும் இருக்கும். 2.5 துளையுள்ள பிளக்கை 2.1 ஊசியுள்ள ஜாக்கில் செருகினால் போகும், கணினியும் இயங்கும், ஆனால் தொடுகை சரியாக இராது. கடலோரத்து உப்புக்காற்று வேறு நம் மாவட்டத்தில் செம்பை எளிதில் பச்சை பிடிக்க வைக்கும். குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து வரும் அடாப்டர்களில் இதைப் பார்க்காத மாதம் இல்லை. உங்கள் பிளக்கைக் கழற்றி அதன் பிளாஸ்டிக் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.

குளச்சல்_கரை:

குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். தொழிலுக்கு ஹாக்கின்டாஷைப் பயன்படுத்துவதே சரியா என்று யாரும் கேட்கவில்லை என்பதால் கேட்கிறேன். ஆப்பிளின் உரிம ஒப்பந்தப்படி மேக்ஓஎஸ்ஸை ஆப்பிள் பெயர் தாங்கிய கணினியில் மட்டுமே நிறுவலாம். அதை ஒதுக்கிவைத்தாலும், இன்டெல் மேக்குகளுக்கு டஹோதான் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025 ஜூனில் அறிவித்துவிட்டது. அந்த டஹோ ஆதரிக்கும் இன்டெல் மேக்குகளிலும் ஐமேக்19,1 இல்லை. ஃபைனல் கட்டின் புதிய பதிப்புகள் வென்ச்சுராவில் ஏறுவதும் இல்லை. இதே ஐ5-8400 விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமாகத் தகுதி பெற்ற பிராசசர்; பயாஸில் பிடிடி என்ற அமைப்பை இயக்கினால், விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் கிடைத்துவிடும். டாவின்சி ரிசால்வுக்கு மாறினால், ஃபைனல் கட்டிலிருந்து எக்ஸ்எம்எல்லாக எடுத்த டைம்லைனை அது திறந்துகொள்ளும். ஒரு பூட்டுக்கு இத்தனை சாவி செய்வதைவிட அது எளிது என்பது என் எண்ணம்.

வடசேரி_ஓப்பன்கோர்:

குளச்சல் நண்பர் சொல்வதில் தவறில்லை. உரிமம் பற்றியும் எதிர்காலம் பற்றியும் அவர் எழுதியவை எல்லாம் சரியானவையே. சீக்கோயாதான் இந்தக் கணினிக்கு இயல்பாக அமையும் கடைசிப் பதிப்பு. ஆனால் வாடிக்கையாளரின் கல்யாண வீடியோ பாதியில் நிற்கும்போது எடிட்டரையே மாற்றச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவராது. தவிர, மூன்றாவது கோளாறு மின்சாரத்தில் இருக்கிறது என்றால் விண்டோஸிலும் ரிசால்வ் எக்ஸ்போர்ட் நடுவே அதே இடத்தில்தான் அணையும். லினக்ஸில் ரிசால்வ் போடலாம் என்று யாராவது சொல்வதற்கு முன் ஒன்று: அதன் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264 கோப்புகளைத் திறக்காது, கேமராவிலிருந்து வருபவற்றை முதலில் வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

தக்கலை_வீடியோ:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தேன்.

பேனிக் கோப்பு எதுவும் இல்லை. உபுண்டுவிலும் முழுச் சுமையில் அணைந்தது. மார்த்தாண்டம் அண்ணன் சொன்னதுபோல் அளந்தபோது, சும்மா இருக்கையில் உள்ளே 12.0 காட்டிய மீட்டர், எக்ஸ்போர்ட் தொடங்கியதும் 11.6, 11.4 என்று இறங்கி 11.2-இல் ஆடிக்கொண்டிருந்தது, அதே நேரத்தில் அடாப்டர் பக்கம் 12-ஐ விட்டு அசையவே இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், கருப்பு உறையின் விளிம்பு பழுப்பேறி, விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போனது. ஊசியை அளந்தபோது ஜாக் 2.1, பிளக் 2.5 என்பதும் உறுதியாயிற்று.

பயாஸ் அழிந்த செய்தி வந்தபோது நேரம் சரியாகவே இருந்தது. டிசேபிள்ஆர்டிசிசெக்சம்மை இயக்கிய பிறகு அந்தச் செய்தி வரவில்லை. ஸ்லீப்பைப் பொறுத்தவரை பதிவில் எக்ஸ்எச்சி என்றுதான் இருந்தது. யுஎஸ்பி மேப்பையும், அவசரம் கருதி ஜிபிஆர்டபிள்யூ பேட்சையும் ஒன்றாகவே போட்டுவிட்டேன். இப்போது நன்றாகத் தூங்குகிறது, ஆனால் வயர் கீபோர்டில் எந்த விசையைத் தட்டினாலும் எழுவதில்லை. பெட்டியின் பவர் பட்டனை அழுத்தினால்தான் எழுகிறது. அதையும் சரிசெய்ய வழி உண்டா? பிளக்குக்குப் பதில் எதைப் போடலாம் என்பதையும் சொன்னால் நாகர்கோவில் போகும்போது வாங்கிவந்துவிடுவேன்.

மார்த்தாண்டம்_பட்டறை:

0.8 வோல்ட் அந்த முனையிலேயே விழுகிறது. 7 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 5.6 வாட் வெப்பம், அவ்வளவு சிறிய இடத்தில். பிளாஸ்டிக் இளகாமல் என்ன செய்யும்? அளவு பொருந்தும் பிளக்கைப் போட்டாலும் இந்த உருளை முனைகளில் பல 5 ஆம்பியருக்கு மேல் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எக்ஸ்டி60 இணைப்பு ஒரு ஜோடி வாங்குங்கள். டிரோன், ஆர்சி பொம்மைகளின் பேட்டரியில் வரும் மஞ்சள் நிற இணைப்பு அது. ஜாக்கை எடுத்துவிட்டு, பைகோ பலகைக்குப் போகும் வயர்களை நேராக அதில் சால்டர் செய்துவிடலாம். வயர் தடிமனாக, 16 கேஜ் அல்லது அதைவிடப் பருமனாக இருக்கட்டும். பிளஸ், மைனஸ் பக்கங்களை மீட்டரில் உறுதிசெய்த பிறகே முதல் முறை இணைக்க வேண்டும். மாறிவிட்டால் பலகை போய்விடும். பழைய பிளக்கை இன்றைக்கும் எக்ஸ்போர்ட்டுக்குப் பயன்படுத்த வேண்டாம். தவிர்க்க முடியாவிட்டால் பயாஸில் பிராசசரின் நீண்டநேர மின்வரம்பை 45 வாட் என்று குறைத்துக்கொண்டு ஓட்டுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் முனை சூடாகாது.

வடசேரி_ஓப்பன்கோர்:

கீபோர்டுக்கு விடை நீங்கள் சேர்த்துப் போட்ட அந்தப் பேட்சிலேயே இருக்கிறது. யுஎஸ்பி கன்ட்ரோலருக்குக் கணினியை எழுப்பும் உரிமையே இல்லை என்று ஜிபிஆர்டபிள்யூ பேட்ச் ஏசிபிஐயில் சொல்லிவிடுகிறது. அதனால் புளூடூத்தும் எழுப்பாது, கீபோர்டும் எழுப்பாது. அதன் எஸ்எஸ்டிடியையும் (ஏசிபிஐயில் கூடுதலாகச் சேர்க்கும் அட்டவணைக் கோப்பு), அதோடு சேர்த்த பெயர்மாற்ற வரியையும் நிறுத்திவிட்டு, யுஎஸ்பி மேப் மட்டும் இருக்கும்படி ஓட்டிப் பாருங்கள். புளூடூத் இப்போது 255 வகையில் இருப்பதால் அது ஒன்றே போதும் என்று எதிர்பார்க்கிறேன்.

அப்படி ஓட்டும்போது, விசையைத் தட்டியதும் மின்விசிறி சுற்றி, திரை மட்டும் கருப்பாகவே இருந்து, இரண்டாவது முறை தட்டினால்தான் படம் வரக்கூடும். யாரோ ஒரு பயனர் எழுப்பினார் என்பது மேக்ஓஎஸ்ஸுக்குத் தெரியாததால் அது பாதி விழிப்பில் நிற்கிறது என்று பொருள். யுஎஸ்பிவேக்ஃபிக்ஸப் கெக்ஸ்ட்டையும் அதற்குரிய யுஎஸ்பிடபிள்யூ எஸ்எஸ்டிடியையும் சேர்த்தால் முதல் தட்டலிலேயே எழும். அந்த எஸ்எஸ்டிடிக்குள் இருக்கும் கன்ட்ரோலர் பாதை உங்கள் போர்டின் எக்ஸ்எச்சி பாதையோடு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த மாற்றங்களை நேராக உள் டிரைவில் செய்யாமல், ஓப்பன்கோர் இருக்கும் இஎஃப்ஐ கோப்புறையை ஃபேட்32 பென் டிரைவில் நகலெடுத்து, அதிலிருந்து பூட் செய்து ஓரிரு நாள் வேலை பார்த்துவிட்டுப் பிறகு உள்ளே மாற்றுங்கள்.